வயிற்று ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? டீயும் கணக்கில் வரும்

வணக்கம் மக்களே. பழைய ஜெயில் ரோட்டில் நின்று பேசுகிறேன், பின்னால் தெரிவது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வயிற்று ஸ்கேனுக்கு, அதாவது ஒலி அலையை வைத்து உள்ளே பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்கு, சீட்டு கொடுக்கும்போது ‘வெறும் வயிற்றில் வாங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் என்று தெரியாததால், நம்ம வண்ணாரப்பேட்டை, காசிமேடு பெரியவர்கள் விடிகாலையில் ஒரு டீயும் பொறையும் முடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். டீ சாப்பாடு இல்லையே என்ற எண்ணம்தான்.

கல்லீரலுக்கு அடியில் பித்தப்பை இருக்கிறது. சாப்பிடாமல் இருக்கும்போது அதில் பித்தநீர் சேர்ந்து உப்பியிருக்கும். உள்ளே கல் இருந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கருப்பாக நிழல் விழும். பாலில் இருக்கும் கொழுப்பு குடலுக்குப் போனதும் அந்தப் பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் சின்னக் கல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் 6 முதல் 8 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு தொல்லை கேஸ். ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. வயிற்றில் கேஸ் இருந்தால் கணையம் மறைந்துவிடும். முதல் நாள் ராத்திரி மொச்சை, சோடா எல்லாம் வேண்டாம். காலையில் பீடி, சிகரெட்டும் கூடாது, புகையோடு காற்றையும் விழுங்குகிறோம். தோலில் ஜெல் தடவுவதும் நடுவில் காற்று இல்லாமல் இருக்கத்தான்.

சரி, தண்ணீர்? அடிவயிறும் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் அளவுக்கு வெறும் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிடும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியும் தெளிவாகத் தெரியும். அடக்க முடியாமல் வலித்தால் வெட்கப்படாமல் அங்கே இருக்கும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். மேல் வயிறு மட்டும் என்றால் பெரும்பாலும் இது தேவைப்படாது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இன்சுலினோ மாத்திரையோ போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் மயக்கம் வரலாம். அன்றைக்கு எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் முன்னாடியே கேளுங்கள், காலை முதல் டோக்கனைக் கேட்டு வாங்குங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உள்ளே பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஊசி கிடையாது, அரை மணிக்குள் முடிந்துவிடும். பெண்கள் நைட்டி போடாமல் புடவையோ சுடிதாரோ போட்டுப் போனால் வயிற்றுப் பகுதியை மட்டும் விலக்கினால் போதும். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்பார்கள், அப்போது கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கி வரும். அழுத்தும்போது எங்கேயாவது வலித்தால் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள், டாக்டருக்கு அதுவும் ஒரு தகவல். சிலரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, எவ்வளவு தங்குகிறது என்று மறுபடி பார்ப்பார்கள்.

பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்ததும் சாப்பிடலாம். ஆனால் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள்.