கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தரவுத்தளத்துக்கு எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பெரிய கோப்பை வரிசையாக எழுதும்போது கிடைக்கும் வேகம் அது. தரவுத்தளமோ ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்து முடிப்பதற்கும்) சில கிலோபைட் எழுதி, எஃப்சிங்க் (எழுதியதை நிலையாகப் பதியச் சொல்லும் கட்டளை) கொடுத்து, ‘பதிந்துவிட்டது’ என்று டிரைவ் சொல்லும்வரை காத்திருக்கும். அந்தப் பதில் உண்மைதானா என்பதே என் கவலை.

சோதிக்க இரண்டு கணினிகள் வேண்டும். டிரைவ் உள்ள கணினியில் ஒரு சிறு நிரல் 1, 2, 3 என்று எண்ணிட்ட பதிவுகளை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் முடிந்த பிறகே அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக அடுத்த கணினிக்கு அனுப்பட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்குங்கள். ரீசெட் பொத்தான் உதவாது. அதை அழுத்தினால் டிரைவுக்கு மின்சாரம் நிற்காது.

மறுபடி இயக்குங்கள். அடுத்த கணினிக்குக் கடைசியாக வந்த எண் 48,210 என்றால், அதுவரையிலான எல்லாப் பதிவும் டிரைவில் இருக்க வேண்டும். 48,211-உம் இருந்தால் தவறில்லை. செய்தி கிளம்புமுன் மின்சாரம் போயிருக்கும். 48,190-இல் நின்றிருந்தால், எழுதாததை எழுதியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரைவைக் குறைசொல்லுமுன் ஃபைல் சிஸ்டத்தில் பேரியர் (தரவு சரியான வரிசையில் டிரைவில் பதிவதை உறுதிசெய்யும் அமைப்பு) அணைந்திருக்கிறதா, நடுவில் ரெய்டு கார்டு (பல டிரைவ்களை ஒன்றாக இயக்கும் அட்டை) இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தேறியதை நம்பாதீர்கள், இருபது முறையாவது பிடுங்குங்கள்.

சர்வர் டிரைவ்கள் பலவற்றில் மின்தேக்கிகள் உண்டு. மின்சாரம் போனதும் கேஷில் (டிரைவின் தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை ஃபிளாஷில் இறக்கும் அளவுக்கு அவை தாக்குப்பிடிக்கும். அதனால் அந்த டிரைவ்கள் எஃப்சிங்க்குக்கு உடனே பதில் சொல்லலாம். மின்தேக்கி இல்லாத டிரைவ் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை போய் வர வேண்டும். அப்படிப்பட்ட டிரைவ் ஒற்றை இழையில் (ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று) நொடிக்குப் பல்லாயிரம் எஃப்சிங்க் காட்டினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வேகத்தைக் காலி டிரைவில் அளக்காதீர்கள். எஸ்எல்சி கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய ஃபிளாஷ் பகுதி) உள்ள டிரைவ் அது தீரும்வரை பறக்கும். முழுக் கொள்ளளவையும் இரண்டு முறை எழுதி நிரப்பிவிட்டு, ஃபியோ என்ற வேகம் அளக்கும் நிரலில் 4 கிலோபைட் ரேண்டம் ரைட் (அங்கங்கே சிதறி எழுதுவது), வரிசை ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை), ஒவ்வொரு ரைட்டுக்கும் ஓர் எஃப்சிங்க் என்று வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சராசரியைவிட 99.9-ஆம் சதமானத் தாமதம்தான் (ஆயிரத்தில் 999 ரைட்டுகள் முடிந்துவிடும் நேர எல்லை) முக்கியம். உள்ளே பழைய பிளாக்குகளைத் துப்புரவாக்கும்போது வரும் திணறல் அங்கேதான் தெரியும்.

ஃபியோ நேரடியாக டிரைவில் எழுதினால் அதிலுள்ள தரவு முழுதும் அழியும். சாதனப் பெயரை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.