மறைந்து மீளும் மீரா

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறி, சேலத்து விளக்கொளி கண்ணில் படாத ஓர் இடத்தில் நின்று, தை மாதத்து முன்னிரவில் அண்ணாந்து பார்த்தால், ஏறத்தாழ உச்சிவானத்தில் திமிங்கில மண்டலம் தெரியும். அதன் கழுத்தருகே மீரா என்னும் விண்மீன் இருக்கிறது. ஆனால், சென்ற தையில் அதைக் கண்டவர் இந்தத் தையிலும் வெறுங்கண்ணால் காண்பார் என்று உறுதி கூற முடியாது.

1596 ஆகஸ்டில் டேவிட் ஃபாப்ரிசியுஸ் என்னும் பாதிரியார் இதைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. 1609இல் அவரே அதை மீண்டும் பார்த்தார். ஏறத்தாழ பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அது தவறாமல் திரும்புகிறது என்பதை 1638இல் நெதர்லாந்து வானியலாளர் ஹோல்வார்டா உணர்ந்தார். லத்தீனில் மீரா என்றால் வியப்புக்குரியது என்று பொருள். நம் பக்தை மீராவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இது முதுமையடைந்த விண்மீன். சூரியனைப் போல் 300 மடங்குக்கும் மேல் பருத்துச் சிவந்துபோன செம்பெருமீன், கொல்லன் உலைத் துருத்தியைப் போல, சுமார் 332 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்த மேலடுக்குகளில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகி, கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. அப்போதும் விண்மீன் அணைந்துவிடவில்லை. அதன் ஆற்றலின் பெரும்பகுதி நம் கண் அறியாத அகச்சிவப்புக் கதிராக வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே மொத்த ஆற்றல் சில மடங்கே மாற, நாம் காணும் ஒளி மட்டும் பல நூறு மடங்கு ஏறி இறங்குகிறது. இந்த விண்மீனிடம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே.

இவ்வகை விண்மீன்களின் வரலாற்றில் நம்மவர் பெயரும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, தென்வானில் தாழ்ந்து தெரியும் ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார். அதுவும் மீரா வகையைச் சேர்ந்ததே. அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

மீராவின் உச்ச ஒளி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக வருகிறது. அது சித்திரை, வைகாசியில் நேரும் ஆண்டுகளில் சூரியன் அருகிலேயே நிற்பதால் நமக்குத் தெரியாமலே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்ந்தால் சேர்வராயன் மலையின் மழைமேகமும் பனிமூட்டமும் மறைக்கும். மேகம் விலகிய தை, மாசி இரவுகளே நமக்கு ஏற்றவை.

உற்றுநோக்கத் தொலைநோக்கி வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள மென்கர் போன்ற, ஒளி அதிகம் மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, மீரா எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று பத்து நாளுக்கு ஒருமுறை குறித்தால் போதும். இத்தகைய குறிப்புகளைப் பொழுதுபோக்கு நோக்கர்களிடமிருந்து 1911 முதல் திரட்டிவரும் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வானியலாளர்கள் அவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். மீரா கண்ணுக்குத் தெரியாத இரவிலும், வானம் தெளிவாக இருந்தால், தெரியவில்லை என்பதை நாளும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள்.

வணக்கம்.