உளையும் கால்களுக்கு அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். புடவைக் கடையில் விடிய வந்து இருட்டும்வரை நிற்கும் பிள்ளைகள், நின்றபடியே படிப்பிக்கும் ஆசிரியர்கள், வார்ட்டில் ஓடித்திரியும் தாதியர். என்னிடம் பாத அழுத்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் கனபேர் இவர்கள்தான். கதிரையில் சாய்ந்ததும் "கால் உளையுது" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் இறுகியிருந்த தோள் தளரும், மூச்சு ஆறுதலாக வரும். சிலர் அப்படியே நித்திரையாகிவிடுவார்கள்.

ரிஃப்ளெக்சொலஜி எனப்படும் இந்த முறை அமெரிக்காவில் உருவானது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடலைத் தலை முதல் கால்வரை 10 வலயங்களாகப் பிரித்து, எட்வின் போவர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1917இல் ஒரு நூல் எழுதினார். 1930களில் யூனிஸ் இங்ஙம் என்ற பெண்மணி அந்த எண்ணத்தைப் பாதத்தில் வரைபடமாக்கினார். பாதத்தின் ஒவ்வோரிடமும் உடம்பின் ஒரு பகுதிக்கு உரியது: விரல்கள் தலைக்கு, விரலடி மேடு நெஞ்சுக்கு, நடுவளைவு வயிற்றுக்கு, பாதத்தின் உள்ளோரம் முள்ளந்தண்டுக்கு, குதிக்கால் இடுப்புக்கு என்று அதில் இருக்கும்.

இந்தச் சிகிச்சையை நான் மனதார நம்புகிறேன். அதனாலேயே ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். ஓரிடத்தை அமர்த்தினால் ஈரல் குணமாகும், சிறுநீரகம் சரியாகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதை எந்த நோய்க்கும் மருந்தாகச் சொல்லவில்லை. பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு வரச்சொல்லும் ஆளிடம் போகவே வேண்டாம்.

ஆனால் மனமும் உடம்பும் சேர்ந்து ஆறுவது சின்ன விஷயமா? உள்ளங்காலில் நரம்பு முனைகள் ஏராளம். நிதானமான அழுத்தம், அமைதியான அறை, போன் அடிக்காத அரை மணி நேரம், அக்கறையாகக் கேட்க ஒரு ஆள். இவை கூடும்போது உடம்பு இளகுகிறது. வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்த அரை மணி நேரம் கிடைப்பதே அரிது. சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் முறையான தொக்கணத்திலும் அழுத்தல், பிடித்தல், இழுத்தல் என 9 வகைக் கைமுறைகள் உண்டே; எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல.

சலரோகம் உள்ளவர்கள் மட்டும் கவனம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அழுத்தம் கூடியதோ, காயம் பட்டதோ தெரியாது. நல்லூர் வீதியில் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால் முதலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தால் தொடக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் நோவு இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். பிடித்துவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் டொக்டரைக் கேட்டுவிட்டு வரலாம்.

மற்றவர்கள் வீட்டிலேயே ஒருவருக்கொருவர் செய்யலாம். சாப்பிட்ட கையோடு வேண்டாம். காலை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்து, தலையணையில் வையுங்கள். உங்கள் கைப் பெருவிரலை அவரது குதியில் ஊன்றி, புழு ஊர்வதுபோல் மெல்ல மெல்ல விரல்வரை கொண்டுபோங்கள். நோகிறது என்றால் அழுத்தத்தைக் குறையுங்கள். ஒரு காலுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் காணும். நல்லெண்ணெய் பூசினால், எழும்ப முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். சீமெந்து நிலம் வழுக்கும்.