'என்ன வெசனம் சாமி?'

(கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தறியையும் பனியன் கம்பெனி ஷிப்ட்டையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். திங்கட்கிழமையானால் வயிற்றுவலி என்று பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுவாள். "கணக்கு டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வலிக்குமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவள் வலி என்று சொல்லவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவள் நோட்டைத் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் பேனாவை அழுத்தி அழுத்திக் கிறுக்கி, தாளே கிழிந்திருந்தது. தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணத்துக்கு வீட்டில் சண்டை, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. திங்கட்கிழமை வலி அங்கிருந்து வந்திருக்கிறது. அது நடிப்பில்லைங்க. மனசு தாங்காததை உடம்பு வலியாகக் காட்டும், பிள்ளைகளுக்கு ரொம்பவே. அன்றைக்கு நான் கேட்ட கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது.

மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. அதாவது, நம்மிடம் படிக்கும்போதே, நம் வீட்டில் சாப்பிடும்போதே. தூக்கம் கெடுவது, சோறு இறங்காதது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று தள்ளாதீர்கள்.

நம் ஆத்தாக்கள் "என்ன வெசனம் சாமி?" என்று மனக்கவலையைக் கேட்டார்கள். நாம் "எத்தனை மார்க்?" என்கிறோம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் விட்ட பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். தூக்குப்போசியைத் திறக்கும் முன்னாலேயே டெஸ்ட் பேச்சு. பிள்ளை சொல்ல வந்தது சோற்றோடு உள்ளே போய்விடுகிறது. அன்றைக்கு மார்க்கைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் பேசும்போது நடுவில் புத்தி சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் இருங்கள்.

"செத்துப்போகலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது. நேராகக் கேட்டால், ஒளித்து வைத்ததை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் யாராவது ஒருவர் லீவு போட்டு வீட்டில் இருங்கள். ஒரு பாடம் போனால் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு இருக்கிறது. அதை ரிசல்ட் பார்த்த பின் சொல்ல வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.