பிரீமியம் மானியம்: முதலில் வருமானத்தைக் கணக்கிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வரிக் கணக்கு போட்டுத் தருவது என் தொழில். நவம்பரில் மருத்துவக் காப்பீட்டுப் பதிவு தொடங்கியதும், வருகிறவர்கள் எல்லாரும் "எந்த பிளான் மலிவு சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "அடுத்த வருஷம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள்?" சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸில், அதாவது அரசின் காப்பீட்டுச் சந்தையில், அரசு தரும் மானியத்துக்கு அந்தப் பதில்தான் அடிப்படை.

கணக்கு இதுதான். உங்கள் பகுதியில் கிடைக்கும் சில்வர் (நடுத்தர ரக) பிளான்களில் விலையில் கீழிருந்து இரண்டாவதாக இருப்பதை எடுத்து, உங்கள் வயதுக்கு அதன் ஆண்டு பிரீமியம் என்ன என்று பார்ப்பார்கள். உங்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும் என்று சட்டம் ஒரு அளவு வைத்திருக்கிறது. பிரீமியத்தில் அந்தத் தொகையைக் கழித்தால் மீதிதான் மானியம். அதை வைத்து நீங்கள் பிரோன்ஸ் பிளானோ கோல்டு பிளானோ வாங்கிக்கொள்ளலாம், அது உங்கள் இஷ்டம்.

2026இல் அந்தச் சதவீதம் வருமானத்துக்கு ஏற்ப 2.10இல் தொடங்கி 9.96 வரை போகிறது. அமெரிக்க அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு வருமானம் வரைதான் மானியம், அதைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. 2021இல் இந்த உச்சவரம்பை நீக்கி, யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்கள். அந்த ஏற்பாடு 2025 இறுதியோடு முடிந்தது. பழைய வரம்பு அப்படியே திரும்பிவிட்டது.

அதன் விளைவைப் பாருங்கள். கணவன், மனைவி இரண்டு பேர், இருவருக்கும் 60 வயது, சொந்தத் தொழில். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2026இன் வரம்பு 84,600 டாலர். அவர்களுக்கு அந்த சில்வர் பிளான் மாதம் 2,000 டாலர், அதாவது வருஷத்துக்கு 24,000 என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 84,000 என்றால் அவர்கள் பங்கு அதில் 9.96 சதவீதம், அதாவது 8,366 டாலர். மீதி 15,634 டாலர் மானியம். வருமானம் 85,000 ஆனால்? முழு 24,000ஐயும் அவர்களே கட்ட வேண்டும். கூடுதலாக ஆயிரம் டாலர் சம்பாதித்ததற்கு இப்படி ஒரு தண்டனை! யார் எழுதிய சட்டமோ என்று திட்டத் தோன்றும், எனக்கும் தோன்றும்.

சரி, தப்பிக்க வழி உண்டா? உண்டு. இங்கே வருமானம் என்பது கையில் வந்த மொத்தப் பணம் இல்லை. சம்பளக்காரர் என்றால் 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புப் பிடித்தம் போன பிறகு, கம்பெனி தரும் டபிள்யூ-2 சம்பளத் தாளின் முதல் பெட்டியில் இருக்கும் தொகை. தொழில் செய்கிறவருக்குச் செலவு போக நிற்கும் லாபம். பலர் மொத்தச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, "மானியமே இல்லையாம்" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள். நான் சொன்ன தம்பதிக்கு வேறு ஓய்வூதியத் திட்டம் இல்லையென்றால், டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் ஆயிரம் டாலர் போட்டாலே 84,000க்கு இறங்கிவிடலாம். அதற்கு அடுத்த வருஷம் ஏப்ரல் நடுப்பகுதி வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் பாலிசியை மார்க்கெட்பிளேஸ் வழியாக எடுத்திருக்க வேண்டும். வெளியே வாங்கிய பாலிசிக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்புறம், நம்மவர்கள் அதிகம் கேட்பது ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவைப் பற்றி. வயது 65 தாண்டியிருந்தாலும், இங்கே வேலை பார்க்காதவர்கள் மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டை வாங்க ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை மார்க்கெட்பிளேஸ்தான். இங்கே "குடும்பம்" என்பது ஒரே வீட்டில் இருப்பவர்கள் அல்ல, ஒரே வரி ரிட்டர்னில் இருப்பவர்கள். பெற்றோர் தனியாக ரிட்டர்ன் போட்டால் ஊர்ப் பென்ஷன், வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாம் கணக்கில் வரும். இந்தியாவில் வரி இல்லாத விவசாய வருமானமும் வரும். எல்லாம் சேர்ந்தும் வறுமைக்கோட்டுக்குக் கீழே, அதாவது இருவருக்கு 21,150 டாலருக்குக் கீழே நின்றால், 2026 முதல் மானியம் இல்லை. முன்பு இப்படிப் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு விலக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள்.

மகன் தன் வரி ரிட்டர்னில் அவர்களை டிபெண்டன்டாக, அதாவது தன்னைச் சார்ந்தவர்களாகக் காட்டினால் கதையே வேறு. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், பெற்றோர் என்று ஆறு பேர். ஆறு பேருக்கு வரம்பு 172,600 டாலர். வீட்டு வருமானம் 160,000 என்றால் அவர்கள் பங்கு 15,936. பெற்றோர் இருவருக்கும் சேர்த்து பிரீமியம் 26,400 என்று வைத்தால், 10,464 டாலர் மானியம். இரண்டு வழியையும் போட்டுப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 முதல் உங்களுக்கு இந்த மானியமே கிடையாது.

ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் கணக்கு தொடங்காமலே அஞ்சல் குறியீடு, வயது, வருமானம் கொடுத்து உத்தேசம் பார்க்கலாம். அது உத்தேசம் மட்டுமே. வருஷம் முடிந்ததும் வாங்கிய மானியத்தைக் காட்டும் 1095-ஏ தாள் வரும், அதை வைத்து வரி ரிட்டர்னோடு சேர்க்கும் 8962 படிவத்தில் உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். முன்பெல்லாம் கூடுதலாக வாங்கிய மானியத்தில் எவ்வளவு திருப்பிக் கட்டுவது என்பதற்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. 2026 முதல் அதுவும் இல்லை. கூடுதலாக வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் போனஸ் வந்தாலும், வேலை மாறினாலும், வீட்டை விற்று லாபம் பார்த்தாலும், வரி சீசன் வரட்டும் என்று காத்திராமல் அந்த மாதமே மார்க்கெட்பிளேஸில் வருமானத்தைத் திருத்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.