ஆரம்ப விலை லேப்டாப்பில் மண்டிக் கணக்கு ஓடுமா?

வணக்கம். சேலம் லீ பஜாரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மூட்டை இறக்குகிற சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தப்பாவின் மண்டியில், கணக்குப்பிள்ளை அண்ணனின் மேசையிலேயே இந்த லேப்டாப்பை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பிராசசர் இன்டெல் செலரான் என்4500, இரண்டே கோர். ரேம் 4 ஜிபி. “ஆபீஸ் வேலைக்கு இது போதும் சார்” என்று கடைகளில் எடுத்து நீட்டுகிற ரகம்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலியை மட்டும் திறந்து வவுச்சர் போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டியில் யாருக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது? டேலி, எக்செல், குரோமில் இ-வே பில் (சரக்கு லாரியோடு போக வேண்டிய மின்-சீட்டு) எடுக்கும் தளம், பக்கத்தில் வாட்ஸ்அப் வெப். வாசலில் லாரி டிரைவர் காத்திருக்கிறார். இதோ, டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள், மெமரி 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அந்த இழுபறிதான் இப்போது தெரிகிறது: வண்டி எண்ணைத் தட்டுகிறேன், எழுத்து விட்டுவிட்டு வருகிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறதே என்பார்கள். அதில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்துகொள்கிறது. 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி மாதாந்திர ரிட்டர்ன் போடுகிற நெருக்கடியில், இந்தத் தாமதம் மனிதரை வதைத்துவிடும்.

பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாமா? கடையிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் கீழே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் அந்த ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கழற்ற முடியாது. ரைசன் 3 7320யு பிராசசர் உள்ள லேப்டாப்புகளில் ரேம் அப்படித்தான் வரும். அதை எடுப்பதென்றால் முதலிலேயே 8 ஜிபிக்குக் குறையாமல் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் ‘எஸ் மோடில்’ இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள புரோகிராம்களை மட்டுமே ஏற்ற முடியும், டேலியின் செட்டப் ஓடாது. வெளியே வரக் கட்டணம் இல்லை, ஆனால் திரும்பிப் போக வழியில்லை.

இதில் எனக்குப் பிடித்தது கீபோர்டு. 15.6 அங்குலத் திரை என்பதால் வலப்பக்கம் எண் கட்டம் தனியாக இருக்கிறது. அண்ணனின் விரல்களைப் பாருங்கள், பில்லிலிருந்து கண்ணை எடுக்காமலே தொகைகளைத் தட்டிக்கொண்டு போகிறார். 14 அங்குலத்தில் பெரும்பாலும் இந்த வசதி கிடைக்காது. கணக்கு எழுதுகிறவர்கள் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இந்த லேப்டாப் மண்டிக்கு வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோர் ஐ3 1215யு பிராசசர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இதே அளவு கீபோர்டு என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இதே வேலைகளை அதில் ஓட்டிக் காட்டுகிறேன்.