ஆலை இல்லா ஊரும் இலுப்பைப்பூவும்
(ஊரணிக் கரைப் பள்ளி விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரத்தார் சங்கப் பெரியவர்களே, ஊர் அம்பலகாரர் ஐயா அவர்களே, தேவகோட்டையிலிருந்து வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற வனவர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, பசுமைப் படை மாணவச் செல்வங்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு ஒரு மரக்கன்று தந்தீர்கள். அந்த மரியாதைக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்று நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, நம் செடிகொடிகளின் பெயர். இரண்டு, சாமிக்கென்று வெட்டாமல் விட்டுவைத்த கோயில்காடு. மூன்று, ஊரணிக் கரை. நான்கு, விதை.

முதலில் பெயர். காரைச் செடி மண்டிய காட்டைத் திருத்திக் குடியேறியதால் காரைக்குடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுண்ணாம்புக் காரையால் வந்த பெயர் என்போரும் உண்டு. நான் செடியின் பக்கம். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கும் ஊர் இலுப்பைக்குடி. பெயரிலேயே மரம் நிற்கிறது. "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று யாரையாவது மட்டம் தட்டத்தான் இன்று சொல்கிறோம். எனக்கு அது வசையாகப் படவில்லை. கரும்பாலை இல்லாத ஊரில் இனிப்பு எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த சனத்தின் அறிவு அது.

போன பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரைக் கூட்டிக்கொண்டு காலை ஆறரை மணிக்கு ஊரணிக் கரைக்குப் போனேன். என் கையில் படம் போட்ட தாவரவியல் புத்தகம். ஒரு முட்புதரைக் காட்டி, "இது என்ன?" என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "புஸ்தகத்துல என்னத்தத் தேடுறீக வாத்தியாரய்யா? சங்கஞ்செடி. கணுவுக்குக் கணு நாலு முள்ளு நிக்கும், எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

ஆடு மேய்க்கிற ஆத்தா. எழுபது வயதுக்குக் குறையாது. பிள்ளைகள் எண்ணினார்கள். நாலு. அந்தச் செடியின் தாவரவியல் பெயர் அசிமா டெட்ராகாந்தா. டெட்ராகாந்தா என்றாலே நான்கு முள் உடையது என்றுதான் பொருள். வெள்ளைக்கார அறிஞர் எண்ணிப் பெயர் வைத்ததை, பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆத்தாவும் எண்ணித்தான் வைத்திருந்தார்.

அப்புறம் நான் பேசவே இல்லை. ஆத்தா முன்னால் நடந்தார், ஆடுகள் அவருக்கு முன்னால், நாங்கள் பின்னால். ஆவாரை, பிரண்டை, சூரை, விடத்தலை, ஆதண்டை, கிளுவை என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். தும்பைப் பூவைக் கிள்ளி, காம்புப் பக்கத்தை உறிஞ்சச் சொன்னார். ஆடு எதைத் தின்னும், எதை மோந்துவிட்டு விலகும், எது மழைக்கு முந்தித் துளிர்க்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஒரு மாணவி எழுதிக்கொண்டே வந்தாள். கரையைச் சுற்றி முடிக்கும்போது அவள் நோட்டில் 31 பெயர். என் புத்தகத்தை நான் எப்போது பைக்குள் வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

கடைசியாக இலுப்பை மரத்தடி. இரவில் உதிர்ந்த பூ தரையெல்லாம் கிடந்தது. வெளிர்மஞ்சளாக, உருண்டையாக, திராட்சை மாதிரி சதைப்பற்றோடு. ஆத்தா முந்தானையால் மண்ணைத் துடைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். விரல் பிசுபிசுத்தது. வாயில் போட்ட பையன் ஒருவன் கண்ணை அகல விரித்து, "சார், அந்தப் பழமொழி நெசந்தானா?" என்றான். ஆத்தா முந்திக்கொண்டார்: "பின்ன, பொய்யாவா சொல்லி வச்சாக?"

பாரி ஆண்ட பறம்பு மலை, இன்றைய பிரான்மலை, இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தேரை விட்டுவந்தவனின் மண்ணில் நாம் என்ன செய்கிறோம்? அக்கம்பக்கத்தில் ஓர் ஊரில், சென்ற ஆண்டு கரையை அழகுபடுத்துகிறோம் என்று பொக்லைன் வந்தது. சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வந்தது. அதை எடுக்கட்டும், தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து நம் கண்மாய்களை அடைத்த மரம் அது. ஆனால் அதோடு சேர்த்துக் காரை, சங்கஞ்செடி, கிளுவை, மூன்று பெரிய இலுப்பை எல்லாம் போயிற்று. இப்போது அங்கே சிமெண்ட் நடைபாதையும் அரளியும் இருக்கின்றன. இலுப்பைப் பழம் தின்ன வந்த வௌவால் இப்போது வருவதில்லை.

அந்த மூன்று மரம் தந்ததை நினைத்துப் பாருங்கள். விதையைச் செக்கில் ஆட்டினால் கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய். பிண்ணாக்கு, நம் ஆச்சிமார் தலையில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்தது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றார்கள். இலுப்பையும் இல்லாத ஊருக்கு எது சர்க்கரை?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் செடிகொடி, உயிரினங்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். தலைவர் அம்மாவைப் பணிவோடு கேட்கிறேன்: அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆத்தா சொன்ன 31 பெயரும் அதில் ஏறட்டும். நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். பறவைகள் சரணாலயம் இருக்கும் வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களும் நம் மாவட்டத்துக்காரர்கள்தாம்.

கோயில்காட்டைப் பற்றி விரிவாகப் பேச ஆசை. சாமியாடி ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அன்னதானம் காத்திருக்கிறது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். விதையைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். இலுப்பை விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு, அடுத்த வருடம் ஊன்றினால் முளைக்காது. விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். இது ஆனி மாதம். வௌவால் தின்றுபோட்ட கொட்டை இப்போது மரத்தடியில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரணிக் கரைக்கு வாருங்கள். ஆளுக்கொரு மஞ்சப்பை, மண் நிரப்பப் பழைய பால் பாக்கெட் பத்து. பெயர் சொல்ல ஆத்தா வருகிறார், நான் கேட்டுவிட்டேன். ஆட்டையும் ஓட்டிக்கொண்டுதான் வருவாராம். நன்றி, வணக்கம்.